தொடங்கியதை முடித்தல்

"ஆரம்ப சூரத்தனம்" என்ற சொல்லைத் தம் வீட்டில் ஒருமுறையேனும் கேட்காதவர் இருக்க முடியாது. புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது இருக்கும் வேகம் பாதியில் தளர்ந்து, முடிவில் காணாமலே போய்விடுவதைத்தான் பெரியவர்கள் இப்படிக் கேலி செய்கிறார்கள். மாணவியராகிய நம் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் இச்சொல்லுக்குச் சான்றுகள் நிறையக் கிடைக்கும். மூன்று பூக்கள் முடிந்து நான்காவது பூவில் ஊசி குத்தியபடியே கிடக்கும் கைக்குட்டை, முதல் இதழோடு நின்றுபோன கையெழுத்துப் பத்திரிகை, இரண்டு காட்சிகள் மட்டும் எழுதப்பட்ட நாடகம், பாதி பின்னிய குரோஷா விரிப்பு என்று அந்தப் பட்டியல் நீளும்.

இவற்றையெல்லாம் சோம்பலின் அடையாளம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவது நியாயமன்று. நம் பகுதி வீடுகளில் ஒரு பெண்பிள்ளைக்கு மாலையில் அரைமணி நேரம் தனக்கென்று கிடைப்பதே அரிது. தண்ணீர் வந்துவிட்டால் குடத்தை எடுக்க வேண்டும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தையார் துறைமுகத்திலிருந்தோ ஆலையிலிருந்தோ ஷிப்டு முடிந்து வரும் வேளையில் அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஊசியைக் கையிலெடுத்து நான்கு தையல் போடுவதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். நேரமும் பணமும் தாராளமாக உள்ளவர்கள் ஒன்றை முடிப்பது பெரிதல்ல. இரண்டும் இல்லாதவர்கள் முடிப்பது எப்படி என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

அந்தப் பாடத்தைக் கற்பிக்கத்தக்க ஒருவர், நம் திருவொற்றியூரிலேயே தொழில் தொடங்கியவர். அவர் பெயர் கே. எம். மம்மன் மாப்பிள்ளை. எம்.ஆர்.எஃப். என்று இன்று ஊரெல்லாம் சொல்லும் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரியை நிறுவியவர் அவரே. அந்த ஆலையின் டயர்கள் லாரியிலும் பஸ்ஸிலும் ஓடுவதை நாம் அறிவோம். அதன் பெயர் எழுதிய மட்டையைச் சச்சின் டெண்டுல்கர் கையில் பார்த்ததை நம் அண்ணன்மார் நன்கு அறிவர். ஆனால் அந்த ஆலை டயரில் தொடங்கவில்லை. குழந்தைகள் ஊதி விளையாடும் பலூனில் தொடங்கியது.

மம்மன் மாப்பிள்ளை 1922-ஆம் ஆண்டில் கேரளத்தில் வசதியான ஒரு குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கே. சி. மம்மன் மாப்பிள்ளை 'மலையாள மனோரமா' நாளிதழின் ஆசிரியர். வங்கித் தொழிலிலும் ஈடுபட்டவர். 1938-இல் அக்குடும்பத்தின் மீது இடி விழுந்தது. அவர்களுடைய திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டது. திருவிதாங்கூர் அரசு பத்திரிகை அலுவலகத்துக்கும் முத்திரை வைத்தது. தந்தையார் சிறை சென்றார். மகன் அப்போது தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். விடுதி மண்டபத்தின் தரையில் படுத்துறங்கிப் படிப்பை முடித்தார் என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வார்கள். முதன்முதலாக அவர் விடாமல் முடித்த காரியம் அந்தப் படிப்புத்தான் என்று நாம் எண்ணுகிறோம்.

1946-இல் அவர் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். இயந்திரம் ஒன்றும் கிடையாது. அவருடைய துணைவியார் குஞ்ஞம்மாவும் அதில் கூட உழைத்தார். (தொழிலதிபர்களின் வரலாற்றில் இத்தகைய துணைவியரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது நம் அன்னையர் கைகளைப் பார்த்தாலே விளங்கும்.) செய்த பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு, சென்னைத் தெருக்களில் நடந்து, கடை கடையாக ஏறி அவரே விற்றார்.

பலூன் தானே என்று நினைக்கத் தோன்றும். அதைச் செய்யும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நம் பொருளுக்கு அது மிகவும் வேண்டியது. ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பாலே மூலப்பொருள். அதை அப்படியே விட்டால் தானாக உறைந்துபோகும். ஆகையால் அம்மோனியா சேர்த்துப் பாதுகாப்பார்கள். அத்துடன் கந்தகம், துத்தநாக ஆக்சைடு முதலியவற்றையும் வேண்டிய சாயத்தையும் கலப்பார்கள். பலூன் வடிவிலுள்ள அச்சுகளை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, முதலில் பாலை உறையவைக்கும் உப்புக் கரைசலிலும், அது காய்ந்தபின் ரப்பர் பாலிலும் முக்கி எடுப்பார்கள். அச்சின் மேல் மெல்லிய தோல் ஒன்று படியும். அது முழுவதும் காய்வதற்குள் வாய்ப்புறத்தைக் கீழ்நோக்கி உருட்டி ஒரு வளையமாக்க வேண்டும். பிறகு வெந்நீரில் அலசி, சூட்டில் வைத்துப் பதப்படுத்தி, ஒட்டிக்கொள்ளாதிருக்க மாவு தூவி, அச்சிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். சூட்டில் வைக்கும்போதுதான் கந்தகம் ரப்பருடன் சேர்ந்து, இழுத்தால் நீளவும் விட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் கூடிய வலிமையை அதற்குத் தருகிறது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் பல்லாண்டுகள் பாடுபட்டு 1839-இல் கண்டறிந்த உண்மை இது.

வாயில் உருட்டும் அந்த வளையத்தைக் கவனியுங்கள். வளையம் இல்லாத பலூனும் பார்வைக்குப் பலூன்தான். நிறமும் இருக்கும், வடிவமும் இருக்கும். ஆனால் ஒரு குழந்தை அதை வாயில் வைத்து இழுத்து ஊதினால் ஓரம் கிழிந்துவிடும். அப்படியே, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊசித்துளை இருந்தால், வாங்கிய வீட்டுக்குப் போய்ச் சேருமுன் காற்று இறங்கிப்போகும். மறுநாள் கடைக்காரர் அந்தப் பையைத் திறக்கவே விடமாட்டார். எனவே அச்சிலிருந்து உரித்த கணத்தில் பலூன் முடிந்துவிடுவதில்லை. இன்னொருவர் வாயில் வைத்து ஊதி, அது கிழியாமல் நின்றால்தான் முடிந்ததாகும். தாமே செய்து தாமே நடந்து விற்றவருக்கு இது நாள்தோறும் கண்முன் தெரிந்திருக்கும்.

இதில் நமக்கு வியப்பளிப்பது அவர் தேர்ந்தெடுத்த பொருளின் அளவு. பெரிய குடும்பத்தில் பிறந்து, இழந்ததை மீட்க வேண்டும் என்ற வேகமுள்ள இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர், எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆலை ஒன்றைக் கட்டக் கனவு கண்டிருக்கலாம். கனவு கண்டாரா இல்லையா என்பதன்று நம் பேச்சு; கையில் எடுத்தது கொட்டகைக்குள், இயந்திரமின்றி, சில நாளில் செய்து முடித்து விற்றுவிடக்கூடிய பொருளை. காலையில் தொடங்கியது வார இறுதிக்குள் யாரோ ஒரு குழந்தையின் கைக்குப் போய்விடும். கிடைத்த காசில் அடுத்த பாலை வாங்கலாம். இப்படித் திரும்பத் திரும்ப முடித்துப் பழகிய கை, பெரியதை எடுக்கும்போது நடுங்காது.

1949-க்குள் பலூனோடு அழுத்தினால் ஒலியெழுப்பும் ரப்பர் பொம்மைகளும், தொழிலாளர் அணியும் கையுறைகளும் அந்தக் கொட்டகையில் உருவாயின. அப்போதும் இயந்திரம் வரவில்லை. அதே ஆண்டில் தம்பு செட்டித் தெருவில் 334-ஆம் எண் கட்டிடத்தில் முதல் அலுவலகம் அமைந்தது. இராயபுரத்திலிருந்து பாரிமுனைக்குப் போகும் நம்மில் பலர் அந்தத் தெருவைக் கடந்திருப்போம்.

அடுத்த படி 1952-இல் வந்தது. தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் போர்த்தும் ரீட்ரெடிங் பட்டறை ஒன்றை அவருடைய உறவினர் நடத்தி வந்தார் என்றும், அதற்கு வேண்டிய ட்ரெட் ரப்பரை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விற்று வந்ததைக் கண்டுதான் அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்றும் கூறுவர். ஓடித் தேய்ந்த டயரில் பெரும்பாலும் மேற்பரப்பு மட்டுமே தேய்ந்திருக்கும். உடற்பகுதி நன்றாகவே இருக்கும். அதைத் தூக்கியெறியாமல், மேற்பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ரப்பர் பசை தடவி, புதிய ரப்பர் பட்டையைச் சுற்றி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் டயர் மறுபடி ஓடும். புது டயரின் விலையைவிட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பழைய பாவாடைக்குப் புது ஓரம் வைத்துத் தைப்பது போன்ற வேலைதான். இதற்காகத்தான் அந்த ஆலைக்கு முதல் இயந்திரமாக ரப்பர் அரைக்கும் மில் ஒன்று வாங்கப்பட்டது. தொடங்கி ஆறாண்டுகள் கழித்து!

இங்கே மீண்டும் முடிக்கும் கலை தலை காட்டுகிறது. ரப்பர் பட்டையில் கந்தகம் சரியாகக் கலவாவிட்டால், கிடங்கில் இருக்கும்போதே அது மெல்ல மேலே வந்து வெள்ளை மாவு போலப் படியும். அப்படிப் படிந்த பட்டை பழைய டயரோடு ஒட்டாது. ஒட்டியதுபோல் தோன்றினாலும் லாரி வெயிலில் ஓடும்போது உரிந்து பறக்கும். நெடுஞ்சாலையில் கருப்புப் பாம்புகள்போல் கிடக்கும் ரப்பர்ப் பட்டைகளைப் பலரும் பார்த்திருக்கலாம். ஆகவே மேலே பூக்காத பட்டை வேண்டும். அடியில் ஒட்டுவதற்கென்று மிருதுவான தனி அடுக்கு ஒன்றும் வேண்டும். 1955-இல் இவ்விரண்டும் அமைந்த ட்ரெட் ரப்பரைச் செய்த ஒரே இந்திய நிறுவனமாக அது விளங்கியது. 1956 முடிவதற்குள் நாட்டில் விற்ற ட்ரெட் ரப்பரில் பாதி திருவொற்றியூரிலிருந்து போயிற்று. பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் அந்த வியாபாரத்தையே விட்டு விலக நேர்ந்தது. பட்டையை முதலில் செய்தவர்கள் அவர்கள். கடைசி வரையில் கவனித்துச் செய்தவர் இவர்.

டயர் செய்யும் காலம் 1961-இல்தான் வந்தது. பலூனிலிருந்து பதினைந்து ஆண்டுகள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்துடன் தொழில்நுட்ப உடன்பாடு ஏற்பட்டது. டயர் என்பது பலூனைப் போல ஒரே தோல் அன்று. ரப்பர் பூசிய துணி அடுக்குகள் பல, விளிம்பில் எஃகுக் கம்பி வளையம், மேலே தடித்த ரப்பர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சில் வைத்து அழுத்திச் சூடேற்றி எடுக்கிறார்கள். இரண்டு அடுக்குகளுக்கிடையே சிறிது காற்று அகப்பட்டுக்கொண்டாலும் போதும். பல ஆயிரம் மைல் ஓடியபின் அந்த இடத்தில் அடுக்கு பிரியும். பலூனின் குறை ஊதினால் உடனே தெரிந்துவிடும். டயரின் குறை மாதக் கணக்கில் மறைந்திருந்து, சுமையேற்றிய லாரி ஓடும்போது வெளிப்படும்.

அமெரிக்காவின் வழவழப்பான சாலைகளுக்கென்று வகுத்த முறை, நம் நாட்டின் வெயிலுக்கும் குண்டுங்குழியுமான சாலைகளுக்கும் அளவுக்கு மீறிய சுமைக்கும் பொருந்தவில்லை. வாங்கிய முறை இப்படித்தான், நாங்கள் என்ன செய்வது என்று கைவிரித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் தம்முடைய ஆராய்ச்சியைத் தாமே செய்துகொள்ள முற்பட்டார்கள். திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1963-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1967-இல் அந்நிறுவனம் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. யாரிடம் கற்றார்களோ அவர்களுக்கே விற்ற முதல் இந்திய நிறுவனம் அது.

இவ்வளவையும் படிக்கும் ஒரு மாணவி, "பலூனையும் பொம்மையையும் அவர் பாதியில் விட்டுவிட்டாரே, அது மட்டும் சரியா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. முடிப்பது என்பது ஒன்றையே ஆயுள் முழுவதும் செய்துகொண்டிருப்பதன்று. அவர் செய்து விற்ற ஒவ்வொரு பலூனும் முடிந்த பலூன். அந்தத் தொழில் தன் வேலையைச் செய்து தந்தபின் அதை மூடி வைத்தார். ஊசி குத்தியபடி பெட்டிக்குள் கிடக்கும் கைக்குட்டை அப்படிப்பட்டதன்று. அது முடியவுமில்லை, மூடப்படவுமில்லை. திறக்கும்போதெல்லாம் நம்மைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது. இனி அதைத் தைக்கப்போவதில்லை என்று முடிவாகத் தெரிந்தால், தைத்த பூக்களுக்கு முடிச்சுப் போட்டு, ஓரம் மடித்து, மூன்று பூ உள்ள கைக்குட்டையாகவே பயன்படுத்திவிடலாம். மூன்று பூவும் அழகுதான்.

ஆனால் எல்லாக் கலைப்படைப்பையும் பலூன்போலச் சிறிதாக எடுத்து முடித்துவிட முடியாது. இதற்கு நேர் எதிரான வழியில் சென்று வென்றவர் ஒருவரும் அதே ஆண்டுகளில் இதே சென்னையில் இருந்தார். திருவொற்றியூரில் பலூன் அச்சுகள் பாலில் மூழ்கி எழுந்துகொண்டிருந்த காலத்தில், மௌண்ட் ரோடு ஜெமினி ஸ்டூடியோவில் எஸ். எஸ். வாசன் 'சந்திரலேகா' படத்தோடு போராடிக்கொண்டிருந்தார். வாசன் அவர்களும் தொழிலதிபரே. விளம்பரத் தொழிலும் தபால் வழி வியாபாரமும் செய்தவர். 1928-இல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை வாங்கி வளர்த்தவர்.

'சந்திரலேகா'வுக்குக் கதை எழுதுமுன்பே பெயரை விளம்பரப்படுத்திவிட்டார் வாசன். கதை இலாகாவினர் மாதக் கணக்கில் முயன்றும் கதை அமையவில்லை. பொறுமையிழந்த வாசன், இதை ஒதுக்கிவிட்டு 'ஔவையார்' படத்தை எடுக்கப்போவதாகச் சொல்லிக் கடைசியாக ஒரு சிறு தவணை கொடுத்தாராம். அந்தத் தவணைக்குள்தான் கதையின் கரு கிடைத்தது. அதன் பின்னும் ஓய்வில்லை. போர்க்காலத்தில் கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு. எடுத்த காட்சிகளை மாற்றி மாற்றி எடுத்தார்கள். சர்க்கஸ் குழுவே கதைக்குள் வந்து சேர்ந்தது. பாதிக்கு மேல் இயக்கிய டி. ஜி. இராகவாச்சாரி கருத்து வேறுபாட்டால் விலக, அதுவரை ஒரு படமும் இயக்கியிராத வாசனே இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். பெரிய பெரிய முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடும் முரசு நடனம் ஒன்றுக்கே பல மாத ஒத்திகை. ஏறத்தாழ முப்பது இலட்சம் ரூபாய் செலவாயிற்று. அந்நாளில் அந்தத் தொகையைக் கேட்டவர்கள் மயங்கி விழாததே ஆச்சரியம். 1948 ஏப்ரல் 9-இல் படம் வெளிவந்தது. போட்ட பணம் தமிழில் மட்டும் திரும்பிவிடவில்லை. அதற்காக வாசன் சோர்ந்துவிடவில்லை. சில காட்சிகளை மாற்றியமைத்து அதே ஆண்டு டிசம்பரில் இந்தியில் வெளியிட்டார். வடநாடு முழுவதும் அப்படம் வெற்றிக்கொடி நாட்டியது.

இந்த இருவரில் யார் வழி சிறந்தது? மம்மன் மாப்பிள்ளையின் வழியே நமக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. ஐந்து ஆண்டுகள் ஒரே படைப்பைச் சுமக்க வாசனுக்குச் சொந்தமாக ஸ்டூடியோவும், சம்பளம் பெறும் கலைஞர்களும், கடன் கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். அவை இல்லாதவர்கள் அவ்வழியில் போனால் நடுவழியில் நிற்க வேண்டிவரும். எனினும் வாசனிடமிருந்து ஒன்றை அவசியம் எடுத்துக்கொள்ளலாம். அவர் எதையும் மாற்றத் தயங்கவில்லை: கதையை மாற்றினார், காட்சியை மாற்றினார், இயக்குநரையும் மாற்றினார். முடிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை மட்டும் மாற்றவில்லை. நம்மவர் பலர் இதற்குத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் போட்ட திட்டத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று பிடிவாதம் பிடித்து, அது நடக்காமற்போனால் வேலையையே விட்டுவிடுகிறோம். ஆண்டு விழா நாடகத்துக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று எழுதிவிட்டு எட்டுப் பேர்தான் கிடைத்தார்கள் என்றால், நான்கு பாத்திரங்களை வெட்டி எறிய வேண்டியதுதானே!

எண்ணூர் பக்கத்தில் இன்னொரு கதையும் உண்டு. அது சற்றுச் சோகமானது. 1948-இல் இரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 'அசோக்' என்பது அவருடைய மகனின் பெயர். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றார்கள். காரைவிட லாரியும் பஸ்ஸும்தான் நாட்டுக்கு அதிகம் தேவை என்று சரண் உணர்ந்து, இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்துடன் பேச்சு நடத்தினார். அது நிறைவேறுமுன் விமான விபத்தில் உயிரிழந்தார். ஆனால் வேலை நிற்கவில்லை. சென்னை அரசும் பங்குதாரர்களும் அந்தப் பேச்சைத் தொடர்ந்து நடத்தி முடித்தார்கள். 1955-இல் நிறுவனம் 'அசோக் லேலண்டு' ஆயிற்று. தொடங்கியவரால்தான் முடிக்க முடியும் என்பதில்லை. அவர் என்ன நினைத்தார், எதுவரை செய்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். கையெழுத்துப் பத்திரிகை நடத்தும் மாணவியருக்கு இது மிகவும் பயன்படும். ஆசிரியையாக இருந்தவள் பத்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டால் பத்திரிகையும் போய்விடுகிறது. எந்தப் பக்கத்தில் என்ன வர வேண்டும், யார் யாரிடம் கட்டுரை கேட்டிருக்கிறது, படம் வரைபவள் எந்த வகுப்பு என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ஒன்பதாம் வகுப்பினர் அடுத்த இதழைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறோம். பெண் ஒன்றைத் தொடங்கும்போது "பலே" என்கிறீர்கள். முடிவுக்கு நெருங்கும் வேளையில், "போதும், எழுந்து வா, வேலை கிடக்கிறது" என்கிறீர்கள். உண்மையில் கடைசி அரைமணி நேரத்துக்குத்தான் தயவு வேண்டியிருக்கிறது. பலூனின் வாய் வளையத்தைப் போல, அந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. கைவேலைக் கண்காட்சியில் பரிசுக்குப் பார்க்க வரும் அருட்சகோதரியர் முன்புறப் பூவைப் பார்த்ததும் துணியைத் திருப்பிப் பின்புறத்தைத்தான் பார்க்கிறார்கள். முடிச்சு தொங்குகிறதா, நூல் ஒரு பூவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கிறதா, ஓரம் மடித்திருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

அடுத்த கண்காட்சிக்கு நான்கு மூலையிலும் பூங்கொத்து உள்ள மேசை விரிப்பு ஒன்றைத் தைக்க ஒருத்தி விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன செய்கிறோம்? துணி முழுவதும் படத்தைப் பதித்து, நான்கு மூலையிலும் பச்சை நூலால் இலைகளையெல்லாம் தைத்துவிட்டு, பிறகு சிவப்பைத் தேடுகிறோம். நடுவில் தேர்வு வருகிறது. நான்கு மூலையிலும் இலைதான் மிஞ்சுகிறது. பலூன்காரர் வழி வேறு. முதலில் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்துவிட வேண்டும். பிறகு ஒரே ஒரு மூலையை எடுத்து இலை, பூ, தண்டு, பின்புற முடிச்சு எல்லாவற்றையும் முடித்து, தேய்த்து, அம்மாவிடமோ தோழியிடமோ காட்டிவிட வேண்டும். அன்றே அது மேசை மேல் விரிக்கத்தக்க விரிப்புத்தான். முதல் மூலைக்கு எத்தனை மாலைப்பொழுதுகள் ஆயின என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், மற்ற மூன்றுக்கும் கண்காட்சிக்கு முன் நாள் போதுமா என்பது கணக்காகவே தெரிந்துவிடும். ஆறு மாலைகள் ஆயின என்றால், இன்னும் பதினெட்டு மாலைகள் வேண்டும். பன்னிரண்டுதான் இருக்கின்றன என்றால் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்துகளோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சும் ஆறு மாலைகளில் அதற்குப் பொருத்தமாக ஒரு கைக்குட்டையும் தைத்துவிடலாம்.